ஆறு ஓட்டை

சின்னதுரை எங்கெங்கே தூங்கினான் என்று எழுதினாலே போதும், அவன் வாழ்க்கை வரலாறு பாதி முடிந்துவிடும். பெரியபாளையத்தில் மொட்டை போட உட்கார்ந்தவன், கத்தி உச்சந்தலையில் இருக்கும்போதே தூங்கிச் சாய்ந்து, மொட்டை போடுகிறவரைப் பதறவைத்தான். அவன் மகள் பானுவுக்குத் தாய்மாமனான என் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பக்கத்தில் பழத்தட்டைப் பிடித்திருந்த அப்பன் குறட்டை விட்டான். தட்டு சரிந்து சாத்துக்குடியெல்லாம் பந்தலுக்கு வெளியே உருண்டு போனது. சென்னையிலிருந்து ரயிலேறினால் கவரைப்பேட்டையில் இறங்கவேண்டியவன், ஆந்திராவுக்குள் சூளூர்பேட்டையில் கண் விழிப்பான். தெலுங்கில் திட்டு வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பி வருவான்.

இவன் என் தங்கை எல்லம்மாவின் புருஷன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் மில்லுக்குள் அவனை அழைத்துக்கொண்டு போனவன் நான். அந்தப் பாவத்தை வேறு யார் மேலும் போட முடியாது.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் முதன்முதலாக ஐடிஐ படித்தவன் நான்தான். மில்லில் கம்ப்ரஸர் ஃபிட்டர். அங்கே பாதி எந்திரங்கள் காற்றழுத்தத்தில் அசைபவை. கொட்டகை முழுக்கக் காற்றுக் குழாய்கள் ஓடும். எங்கேயாவது ஊசி நுழையும் அளவுக்குக் காற்று ஒழுகினாலும், உருளைகள் போடுகிற இரைச்சலுக்கு நடுவே என் காது கண்டுபிடித்துவிடும். இடுப்பில் ஒரு பாட்டில் சோப்புத் தண்ணீரும் ஒரு பிரஷும் எப்போதும் இருக்கும். சந்தேகப்பட்ட இடத்தில் தடவுவேன். நுரை பொங்கினால் அடைப்பேன். ‘காற்று ஒழுகினால் காசு ஒழுகும்’ என்று என் அறை வாசலில் பலகை எழுதி மாட்டியவனும் நானே. ஆபீசர்கள்கூட என்னைக் ‘காது திருமலை’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

தொண்ணூற்றொன்றில் சின்னதுரையைச் சேர்த்துவிட்டேன். அந்தக் காலத்தில் மில்லுக்குள் ஓர் ஆளைக் கொண்டுவர, நிரந்தரத் தொழிலாளி ஒருவர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடவேண்டும், இவன் நடத்தைக்கு நான் பொறுப்பு என்று. போட்டேன். போட்டுவிட்டு வெளியே வந்து, கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நிற்கவைத்துச் சட்டம் படித்தேன்.

“இத பாரு மாப்ள. என் கையெழுத்துல உள்ள வந்துகீற. நான் சொல்றத கேட்டுக்கினு இருந்தா ஒனக்கு நல்லது. எதுத்து ஒரு வார்த்த பேசுனேன்னு வையி, அன்னிக்கே கேட்டுக்கு வெளிய.”

“சரி மச்சான்,” என்றான்.

அப்போது எல்லம்மாவுக்கும் அவனுக்கும் நிச்சயம் மட்டும்தான் ஆகியிருந்தது. அந்த ‘சரி மச்சான்’ பதினாறு வருஷம் ஓடியது. புதுவாயலில் எந்தத் தெருவில் வீடு பார்ப்பது, பானுவை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுவது எல்லாம் நான் சொல்வேன். அவன் சரி மச்சான் என்பான். எனக்கு அது பிடித்திருந்தது. அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

மில்லில் அவன் கிரேன் ஆபரேட்டர் ஆனான். கொட்டகைக் கூரையையொட்டி, நாற்பதடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் உட்கார்ந்துகொண்டு மூன்று டன் கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் லாரியில் இறக்குவது வேலை. வஞ்சகம் இல்லாமல் இதையும் சொல்லிவிடுகிறேன்: அவன் கைக்கு இணையான கை அந்த மில்லில் கிடையாது. இறக்கும் சத்தமே கேட்காது. தூங்கிப்போன பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரி கிடத்துவான். ‘அந்த குண்டு ஆளு டூட்டியா?’ என்று கேட்டுவிட்டுத்தான் லாரி டிரைவர்கள் வண்டியை உள்ளே விடுவார்கள்.

முப்பது வயதுக்குமேல்தான் அவன் குண்டானான். கழுத்து என்று ஒன்று இருந்த இடம் தெரியாமல் போனது. குறட்டை அதற்கப்புறம் வந்தது. சும்மா குறட்டை இல்லை, அடுத்த வீட்டுக்காரர் குடியிருப்பை மாற்றிக்கொண்டு போன குறட்டை. அது ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று நின்றுவிடும். இருபது எண்ணும்வரை ஒரு சத்தமும் இருக்காது. பிறகு தண்ணீரில் முங்கிய எருமை தலையைத் தூக்குகிற மாதிரி ஒரு உறுமலோடு மூச்சு திரும்பும். எல்லம்மா என்னிடம் எத்தனையோ தடவை சொன்னாள்.

“மூச்சு நின்னு நின்னு வருதுண்ணா. எனக்கு பயமா கீது.”

“மூக்குமுட்ட துன்னுட்டு படுத்தா அப்டிதான் வரும். ராவுல சோத்த கொறச்சு போடு.”

அவள் குறைத்துப் போட்டாள். அவன் பசியோடு குறட்டை விட்டான்.

பகலில் ஆள் பாதி உயிரோடுதான் இருப்பான். கேன்டீனில் கையில் இட்லியைப் பிடித்தபடியே கண் சொருகும். ‘தூங்குமூஞ்சி’ என்று பேர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் காது திருமலையான நான் ‘தூங்குமூஞ்சி மச்சான்’ ஆகிவிட்டேன். நான் கேன்டீனுக்குள் நுழைந்தால் நாலு பேர் சேர்ந்து ‘கொர்ர்ர்’ என்பார்கள். இருபத்திரண்டு வருஷம் சம்பாதித்த பேர் அந்தக் கொர்ரில் போனது. அப்போதுதான் அவனை வெறுக்கத் தொடங்கினேன். தங்கை புருஷன் என்பதால் வெறுப்பு குறையவில்லை. கூடத்தான் செய்தது.

இரண்டாயிரத்து ஏழு பிப்ரவரியில் ஒரு நாள், காலை பதினோரு மணி. தூக்கிய கம்பிக் கட்டு கொட்டகை நடுவில் அந்தரத்தில் நின்றுவிட்டது. கீழே கத்தினார்கள், விசில் அடித்தார்கள், இரும்பால் தூணைத் தட்டினார்கள். கட்டு மெதுவாக ஆடிக்கொண்டு நின்றது. கூண்டுக்குள் சின்னதுரையின் தலை மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஏணியில் ஏறிப்போய், மொத்த ஷிஃப்டும் அண்ணாந்து பார்க்க, செவிட்டில் ஓங்கி ஒன்று விட்டேன்.

கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். “சரி மச்சான்,” என்றான். கட்டைக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தான்.

கிரேனிலிருந்து இறக்கி விசாரணை வைத்தார்கள். பர்சனல் மேனேஜர் பூவராகவன் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். மில் டாக்டர்தான் குறுக்கே விழுந்து, சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்கவைத்தார்கள். தூங்குவதற்கு ஒரு பரீட்சை, அதற்கு ஒரு ரிப்போர்ட். இவன் பாஸாகிற ஒரே பரீட்சை இதுதான் என்று நான் ரயிலில் சொல்லிக்கொண்டே போனேன்.

ரிப்போர்ட்டை விளக்கியவர் விக்டோரியா என்கிற டெக்னீஷியன். முப்பது வயதிருக்கும், பேச்சில் வேகம். “ஒரு மணி நேரத்துல அறுபத்திரண்டு தடவை இவருக்கு மூச்சு நிக்குது. படுத்ததும் தொண்டைச் சதை சரிஞ்சு வழியை மூடிடுது. மூச்சுக்காக உடம்பு இவரை எழுப்புது. நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுப்பினா என்ன தூக்கம்? இவர் பல வருஷமா சரியா தூங்கவே இல்ல சார்.”

“நாள் பூரா தூங்குறாம்மா!”

“ராத்திரி தூங்காததாலதான் பகல்ல தூங்குறார். இது கடுமையான நிலைமை. இப்பவே ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கணும்.”

வியாதிக்கு ஸ்லீப் ஆப்னியா என்று பேர். எனக்கு வயிறு எரிந்தது. உழைக்கிறவன் உடம்பு நொந்து மூட்டுவலி, முதுகுவலி என்று வந்தால் வியாதி. தூங்குமூஞ்சித்தனத்துக்கு இங்கிலீஷில் பேர் வைத்தால் அதுவும் வியாதியா?

ட்ரீட்மென்ட் என்றால் மருந்து மாத்திரை இல்லை. ரேடியோப் பெட்டி அளவுக்கு ஒரு மெஷின், மாத வாடகைக்கு. அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். ராத்திரி பூராவும் காற்றை ஊதி ஊதித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்குமாம். அழுத்தம் எவ்வளவு என்று கேட்டேன். பதினான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளும் அளவு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழு கிலோ அழுத்தத்தில் வேலை பார்க்கிறவன் நான். இது பலூன் ஊதுகிற காற்று. மாட்டுவது எப்படி, கழுவுவது எப்படி என்று அவர் சின்னதுரைக்குச் சொல்லிக்கொடுத்தபோது, காற்றைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லவேண்டும் என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

பூவராகவன் ஒரு மாதம் கொடுத்தார். என்னையும் கூட நிற்கவைத்துத்தான் சொன்னார்.

“ஒரு மாசம் யார்டுல கம்பிக் கட்டுக்கு அடையாளச் சீட்டு கட்டுங்க. மாசக் கடைசியில ஆஸ்பத்திரி ஃபிட்னு எழுதிக் கொடுத்தா திரும்ப கிரேன். நடுவுல ஒரே ஒரு தடவை டூட்டியில தூங்கிப் பிடிபட்டாலும் டிஸ்மிஸ். என்ன திருமலை, நீங்க கையெழுத்துப் போட்ட ஆள்தானே?”

ஆமாம் சார் என்று தலையாட்டினேன்.

முதல் மூன்று ராத்திரி மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்திருக்கிறான். யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கிறது என்று பானு சிரித்தாளாம். நாலாம் ராத்திரி தூங்கிவிட்டான். விடிவதற்கு முன்னால் அடுப்படியில் சத்தம் கேட்டு, திருடன் என்று எல்லம்மா விளக்குமாற்றோடு போயிருக்கிறாள். இவன் உட்கார்ந்து டீ போட்டுக்கொண்டிருந்தான். பதினாறு வருஷத்தில் அவளுக்கு முன்னால் அவன் எழுந்தது அன்றுதான். என்னிடம் வந்து சொல்லிச் சொல்லி அழுதாள்.

எனக்கு என்னவோ எரிச்சல்தான் வந்தது. ஆள் பேச ஆரம்பித்துவிட்டான். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெயர்ப்பலகைகளை வாய்விட்டுப் படிக்கிறான். “மச்சான், இங்க எப்போ செல்போன் கடை வந்துச்சி?”

“ரெண்டு வருசமாச்சி. நீ கொர்ருனு வர்றப்போ தொறந்தாங்க.”

“உங்க வண்டி செயின் லூசா கீது மச்சான். நேத்து பாத்தேன். டைட் பண்ணிடுங்க.”

என் வண்டிச் செயினைப் பற்றி இவன் எனக்குச் சொல்கிறான். ஃபிட்டருக்கு! இறுக்கிப் பார்த்தேன், லூசாகத்தான் இருந்தது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, எல்லம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். இறால் தொக்கு வைத்திருந்தாள். பரிமாறிக்கொண்டே சொன்னாள். “மெஷினு நல்லாதான் கீதுண்ணா. அந்த மூக்குமூடியிலேர்ந்து புஸ்ஸுனு காத்து வருது. ராவெல்லாம் என் கழுத்துல சில்லுனு அடிக்குது. எனக்கு தூக்கமே இல்ல.”

காற்று வருகிறது என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சோறு இறங்கவில்லை. கை கழுவிவிட்டு மெஷினைப் போடச் சொன்னேன். சின்னதுரை மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தான். குனிந்து காது கொடுத்துக் கேட்டேன். ஒழுகல்தான். சந்தேகமே இல்லை. குழாய் வந்து மாஸ்க்கில் சேருகிற, முழங்கைபோல வளைந்த துண்டில் சோப்பு நுரையைத் தடவினேன். பொங்கியது. துடைத்துப் பார்த்தால், வரிசையாக ஆறு சின்ன ஓட்டைகள்.

வரிசையாக, ஒரே அளவில், மழுமழுவென்று இருந்தன. போட்டவன் வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறான் என்று மூளையின் ஒரு மூலை சொன்னது. அதைச் சத்தியமாக இங்கே எழுதுகிறேன். அந்த மூலையை நான் பேசவிடவில்லை.

“வாடக மெஷின்ல இன்னா எழவ குடுத்துகீறானுங்க பாத்தியா. பாதி காத்து வெளிய பூடுது.”

சின்னதுரை மாஸ்க்கைக் கழற்றினான். “அத மூட கூடாதுன்னு அந்தம்மா இன்னாவோ சொன்ச்சி மச்சான்…”

“இன்னா சொன்ச்சி?”

“கரீட்டா ஞாபகம் இல்ல. மூட கூடாதுன்னு…”

“கம்ப்ரஸர் ரூம்ல நான் கீறனா, அந்தம்மா கீதா? காத்தப் பத்தி நீ எனக்கு சொல்றியா?”

அவன் என்னைப் பார்த்தான். எல்லம்மாவைப் பார்த்தான். “சரி மச்சான்,” என்றான்.

என் பையில் எம்-சீல் எப்போதும் இருக்கும். இரண்டு களிம்பையும் பிசைந்து, ஆறு ஓட்டையிலும் அப்பி, விரலால் வழித்துவிட்டேன். அரை மணியில் கல்லாகிவிட்டது. திரும்பப் போட்டுக் கேட்டால் ஒரு சத்தம் இல்லை. நல்ல வேலை செய்த திருப்தியோடு, மீதி இறால் தொக்கையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரமே பஸ்ஸில் பெயர்ப்பலகை படிப்பது நின்றது. காலையில் தலை பிளக்கிறது என்றான். தூக்கத்தில் தன்னை அறியாமல் மாஸ்க்கைப் பிய்த்து எறிகிறானாம், சட்டை வேர்வையில் தொப்பலாக நனைகிறதாம். எழுந்தால், மூட்டைக்குள் போட்டுக் கட்டிய மாதிரி இருக்கிறது என்றான். கண்ணெல்லாம் சிவப்பு. கேன்டீனில் மறுபடியும் இட்லியோடு கண் சொருகியது.

“மெஷினப் போட்டும் தூங்குறான் பாரு,” என்று நானே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நாம் சொல்லிவிட்டால் அவமானம் பாதிதான் என்று ஒரு கணக்கு.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் இரண்டரை மணி. யார்டில் கம்பிக் கட்டின்மேல் சாய்ந்து, கையில் சீட்டும் கட்டுக்கம்பியுமாக அவன் தூங்கிக்கொண்டிருந்தான். வெயில் நேராக முகத்தில் அடித்தது. அதுகூட எழுப்பவில்லை. பூவராகவன் செக்யூரிட்டியோடு வந்து நின்றார். கம்ப்ரஸர் அறையிலிருந்து என்னையும் வரவழைத்தார். வேலையிலிருந்து எடுக்கவேண்டுமென்றால் சாட்சிக் கையெழுத்து வேண்டும். மற்ற தொழிலாளிகள் யாரும் போடமாட்டார்கள், சங்கத்துக்குப் பயம். என்னிடம் பேப்பரை நீட்டினார்.

“பார்த்ததைத்தானே எழுதச் சொல்றேன். பார்த்தீங்களா, இல்லையா?”

சின்னதுரை அதற்குள் விழித்து எழுந்து, கன்னத்தில் கம்பியின் வரி பதிந்த முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். போடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன். அவன் சொல்லவில்லை. என் கையெழுத்தில் உள்ளே வந்தவன் என் கையெழுத்திலேயே போகட்டும் என்று போட்டேன். போடும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. இனி கேன்டீனில் ஒருவனும் கொர் என்று சொல்லமாட்டான்.

திங்கட்கிழமை உத்தரவு தருவதாகச் சொன்னார்கள். வேலை போனபின் வாடகை மெஷின் எதற்கு என்று, சனிக்கிழமை அதைத் திருப்பிக் கொடுக்க மூவரும் சென்னைக்குப் போனோம். எல்லம்மா ரயிலில் என் பக்கம் திரும்பவே இல்லை. சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

விக்டோரியா பையைத் திறந்து மாஸ்க்கை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். முகம் மாறியது.

“இதை யார் அடைச்சது?”

எல்லம்மா அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

“இவர் விடற மூச்சு வெளிய போறதுக்கு இருக்கிற வழியே இந்த ஆறு ஓட்டைதான். இதை அடைச்சா, விட்ட கெட்ட காத்தையேதான் திரும்பத் திரும்ப இழுத்துட்டு இருப்பார். தலைவலி வராம என்ன வரும்? தூக்கத்துல மாஸ்க்கைப் பிடுங்கினதால ஆள் பிழைச்சிருக்கார். யார் பண்ணது?”

நான் தோள்பையை முதுகுப் பக்கம் தள்ளினேன். சோப்புத் தண்ணீர் பாட்டில் அன்றைக்கும் பழக்கதோஷத்தில் என் பையில்தான் இருந்தது.

“நான்தாம்மா,” என்றான் சின்னதுரை. “காத்து அடிச்சுது. அடச்சிட்டேன்.”

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார்! மூளை இருக்கா உங்களுக்கு?”

“மன்ச்சிக்கோம்மா.”

அவர் திட்டிக்கொண்டே புது முழங்கைத் துண்டை எடுத்து மாட்டி, அவனைப் பக்கத்து அறைக் கட்டிலில் படுக்கவைத்து மெஷினை ஓட்டினார். இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்றார். நானும் எல்லம்மாவும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவு பாதி திறந்திருந்தது.

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“பதினாறு வருசமா அவுரு வாய மூடி வெச்ச. அது பத்தலன்னு மூக்கையும் மூடிட்டியாண்ணா?”

“நீதானே காத்து அடிக்குதுன்னு சொன்ன.”

“காத்து அடிக்குதுன்னு சொன்னேன். ஆள சாவடின்னு சொன்னனா?”

நான் எழுந்து கதவருகே போய் நின்றேன். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் போனேன். உள்ளே அந்தப் புஸ்ஸென்ற சத்தம் கேட்டது. இருபத்திரண்டு வருஷமாக எந்தச் சத்தத்தைக் கேட்டால் ஓடிப்போய் அடைப்பேனோ, அதே சத்தம். அதற்கு அடியில் இன்னொரு சத்தம், அவன் மூச்சு. போனது, வந்தது. எண்ணினேன். எங்கேயும் நிற்கவில்லை. நானும் நிற்கும் நிற்கும் என்று காத்துக்கொண்டே இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். என் காதைப் பிய்த்து எறியலாம் போல இருந்தது.

மெஷினோடேயே ரயிலில் திரும்பும்போது அவனிடம் கேட்டேன். மீஞ்சூர் தாண்டியிருந்தது. அவன் விழித்திருந்தான்.

“மச்சான்தான் அடைச்சாருன்னு அந்தம்மாகிட்ட சொல்ல வேண்டிதானே? நீ ஏன் திட்டு வாங்குன?”

“எதுத்துப் பேசுனா கேட்டுக்கு வெளியன்னு சொன்னீங்களே மச்சான்.”

குத்திக்காட்டவில்லை. அவனுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. தலைவலியோடு, மூச்சு முட்ட, பத்து ராத்திரிக்குமேல் அந்த மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறான், டீக்கடையில் நான் என்றைக்கோ சொன்ன ஒரு பேச்சுக்காக.

“மடப்பயலே,” என்று கத்திவிட்டேன். பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனைச் சொன்னேனா என்னைச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை பூவராகவன் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். உத்தரவு டைப் அடித்துத் தயாராக இருந்தது.

“தூங்கினதைப் பார்த்தேன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?”

“அதுக்கு கீழ இன்னொன்னு எழுதணும் சார்.”

எழுதினேன். சின்னதுரையின் மூச்சு மெஷினில் இருந்த வழியை, அது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், அவன் தடுத்தும் கேட்காமல், நான் அடைத்துவிட்டேன். அவன் தூங்கியது என் குற்றம். இப்படிக்கு, கம்ப்ரஸர் ஃபிட்டர் திருமலை. ஓட்டை அடைபட்டிருந்தது என்று விக்டோரியா எழுதிக் கொடுத்த சீட்டையும் கூட வைத்தேன். மனுஷன் அதை மனதுக்குள் படிக்கக்கூடாதா? இரண்டு கிளார்க்குகள் முன்னால் வாய்விட்டுப் படித்தார்.

“‘காற்று ஒழுகினால் காசு ஒழுகும்’, அது உங்க போர்டுதானே?”

“ஆமாம் சார்.”

அவர் சிரித்து முடிக்கும்வரை நின்றேன். எனக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன். பொய்ச் சாட்சி இல்லை, முட்டாள் சாட்சி, அதனால் மூன்று நாளோடு விடுகிறேன் என்றார். சின்னதுரைக்குப் புதிதாக ஒரு மாதம் கொடுத்தார். மூன்று நாள் கழித்து நான் வேலைக்குத் திரும்பியபோது, பலகையில் என் எழுத்துக்குக் கீழே எவனோ சாக்பீஸால் ‘மூக்கு நீங்கலாக’ என்று எழுதியிருந்தான். பெருந்தன்மையாக விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். அன்றே அழித்தேன். மறுநாள் திரும்ப எழுதியிருந்தார்கள்.

எல்லம்மா என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை இறாலும் இல்லை. பானு மட்டும் தெருவில் பார்த்தால், “மாமா, அப்பா இப்போ சினிமா முழுசா பாக்குறாரு,” என்று செய்தி சொல்லிவிட்டு ஓடும்.

மாதம் முடிந்து ஆஸ்பத்திரி ஃபிட் என்று எழுதிக் கொடுத்தது. மே மாதம் நடுவில் சின்னதுரை மறுபடியும் கூண்டுக்கு ஏறினான். நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு வேலை இருந்தது. லாரி நிற்கும் பக்கத்துத் தூணருகே ஒரு ஒழுகல், இரண்டு நாளாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. நடுக்கொட்டகையில் நின்று, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கிரேன் மணி அடித்ததாம். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. என் காதில் விழவில்லை.

“யோவ் மச்சான்!”

மேலேயிருந்து வந்தது அந்தக் குரல். அப்படியொரு குரல் அவனுக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு நேர் மேலே கம்பிக் கட்டு அசையாமல் நின்றது. சின்னதுரை கூண்டிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டிருந்தான்.

“மூணு டன்னு வருது, நட்டநடுவுல நின்னுக்கினே தூங்குறியா? நவுருய்யா!”

மொத்த ஷிஃப்டும் சிரித்தது. எவனோ கொர் என்றான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எதிர்த்து ஒரு வார்த்தை. பதினாறு வருஷத்தில் முதல் வார்த்தை. வாயைத் திறந்தேன், நாலு தலைமுறையை இழுத்துத் திட்டத்தான் திறந்தேன்.

“சரி மாப்ள,” என்று வந்தது.

தூணோரம் ஒதுங்கி நின்றேன். கட்டு என்னைத் தாண்டிப் போய், சத்தமில்லாமல் லாரியில் இறங்கியது.